கறுப்புத் திரையும் ஒரு கையெழுத்தும்: பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கோத்தகிரி

நிர்வாகக் குழுவினருக்கு,

சென்ற மாதம் உங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தியை, ‘ஹேக்கிங் செய்தாள்’ என்று சொல்லிப் பத்து நாட்கள் கணினி ஆய்வகத்துக்குள் வரவிடாமல் நிறுத்தினீர்கள். அறிவியல் கண்காட்சிக்காக, மென்பொருள் எழுதியவர்களைப் பற்றி அவள் இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்த சார்ட்டைச் சுவரிலிருந்து கழற்றினீர்கள். அவளுடைய அப்பாவை வரவழைத்து, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கினீர்கள். அதோடு நிற்கவில்லை. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடும் ஆய்வகத்தின் 12 கணினிகளையும் கோடை விடுமுறையில் துடைத்துவிட்டு, விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு மாற்றப்போவதாகவும், அதற்கு மாணவர் தலைக்கு 1,200 ரூபாய் கட்ட வேண்டும் என்றும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள்.

பள்ளியின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் பெண் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். மார்க்கெட்டில் பேசிய பேச்சு டானிங்டன் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகாத ஊர் இது. உங்களுக்குத்தான் எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும், அது போதும்.

நேரில் பேசலாம் என்று இரண்டு முறை வந்தேன். முதல் முறை கூட்டம் நடக்கிறது என்றார்கள். இரண்டாம் முறை, இது பள்ளியின் உள்விவகாரம், கணினி பழுதுபார்ப்பவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்டார்கள். என்ன வேலை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அந்தக் கணினிகள் 2016இல் கோயம்புத்தூர் அலுவலகம் ஒன்று கழித்துக் கொடுத்தவை. வந்து இறங்கியபோது எட்டுதான் உயிரோடு இருந்தன. மற்ற நான்கையும் என் கடைக்கு எடுத்துப் போய், பூஞ்சை பிடித்திருந்த மதர்போர்டுகளைத் துடைத்துக் காயவைத்து, கடையில் கிடந்த உதிரிகளைப் போட்டு எழுப்பினேன். லினக்ஸின் ஒரு வகையான டெபியனை எல்லாவற்றிலும் நிறுவியதும் நான்தான். அந்த வயதான இயந்திரங்களில் அது மட்டும்தான் மூச்சு வாங்காமல் ஓடியது. இன்றுவரை கூலி வாங்கவில்லை. அந்த மென்பொருளை எனக்குக் கொடுத்தவர்கள் என்னிடம் கூலி கேட்கவில்லை.

என் பெற்றோர் 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, இந்த மலையில் கொழுந்து பறித்து வாழ்ந்தவர்கள். கணினிப் படிப்புக்கு என்னைக் கீழே அனுப்ப அவர்களிடம் பணமில்லை. நான் கற்றது தபாலில் வந்த குறுந்தகடுகளில். லினக்ஸின் இன்னொரு வகையான உபுண்டுவை வெளியிட்டவர்கள், 2011 வரை, கேட்டவர்களுக்கெல்லாம் தபால் செலவுகூட வாங்காமல் குறுந்தகடு அனுப்பினார்கள். எங்கள் தபால்காரர் மழைக்கோட்டுக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்து கொடுத்த முதல் உறை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. 2009 நவம்பரில் மண் சரிந்து மலைப்பாதைகள் துண்டிக்கப்பட்டபோது, இணையம் இல்லை, மின்சாரமும் வந்து வந்து போயிற்று. மின்சாரம் இருந்த நேரமெல்லாம் அந்த அமைப்புக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருந்த கையேட்டுப் பக்கங்களைப் படித்தேன். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த நாட்களில் கற்றது. அந்தக் கையேடு, உங்கள் மாணவி திறந்தாளே, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் அதே கறுப்புத் திரையில்தான் வரும்.

அன்று நடந்தது இதுதான். அவள் தமிழ்ப் பாடத்துக்கான கட்டுரையைத் தட்டச்சு செய்ய ஏழாம் எண் கணினியில் உட்கார்ந்தாள். எழுத்துகள் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அது என் தவறு. ஜனவரியில் அந்தக் கணினியின் டிஸ்க்கை மாற்றியபோது தமிழ் எழுத்துருவை நிறுவ நான் மறந்துவிட்டேன். மறுநாள் அவள் பென் டிரைவில் ‘மீரா இனிமை’ எழுத்துருவைக் கொண்டுவந்தாள். கேரளத்தின் ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் தமிழுக்காக உருவாக்கி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்த எழுத்துரு அது. தன்னுடைய கோப்புறையில் மட்டும் அதை வைத்தாள். கறுப்புத் திரையைத் திறந்து, தமிழுக்கு இந்த எழுத்துருவை முதலில் எடு என்று தன் கணக்கின் அமைவுக் கோப்பில் சில வரிகள் எழுதினாள். கட்டங்கள் எழுத்துகளாயின.

சுற்றறிக்கை வருவதற்கு முந்தைய வாரம் வழக்கமான பராமரிப்புக்கு வந்தபோது அந்தக் கணினியைப் பார்த்தேன். அவள் தட்டிய கட்டளைகள் வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன. மொத்தம் ஒன்பது வரி. நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தொடவில்லை. பிறர் கோப்புறைக்குள் நுழையவில்லை. வேறு கணினியோடு இணைப்பும் இல்லை. உங்களில் யாராவது வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் தமிழில் விளக்குகிறேன். அனுமதியில்லாமல் பென் டிரைவ் கொண்டுவந்தது விதிமீறல் என்றால், அதற்கு ஓர் எச்சரிக்கை போதுமானது. அதை நானே அவளிடம் சொல்லிவிட்டேன்.

குற்றத்துக்குச் சான்றாக ஆசிரியை தன் கைப்பேசியில் எடுத்த படத்தை அந்தத் தாளோடு இணைத்திருக்கிறீர்கள். அந்தப் படத்தை நீங்கள் வாசித்தீர்களா? அது விம் என்ற எழுதுகருவியின் தொடக்கத் திரை. அதன் நடுவில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று சொல்கிறது அந்த வரி.

அதை எழுதியவர் பிராம் மூலெனார், நெதர்லாந்துக்காரர். 1991இல் விம்மை வெளியிட்டார். உகாண்டாவின் கிபாலே என்ற ஊரில் குழந்தைகளுக்கான மையம் ஒன்றில் தங்கி வேலை செய்துவிட்டு வந்தவர், தன் மென்பொருளுக்கு விலை வைக்கவில்லை. உங்களுக்குப் பயன்பட்டால் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்று முகப்பிலேயே எழுதி வைத்தார். உலகத்தின் நிரலாளர்கள் பலர் காலையில் வேலை தொடங்கும்போது கண்ணில் படும் முதல் வரிகளில் ஒன்று அது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கருவியைப் பராமரித்து, 2023 ஆகஸ்டில் 62 வயதில் இறந்துபோனார். அவருடைய படமும் அந்தச் சார்ட்டில் இருந்தது. பென்சிலால் வரைந்து, பக்கத்தில் ஒரு குழந்தையையும் வரைந்திருந்தாள்.

அந்த ஆசிரியையை நான் குறை சொல்லவில்லை. அவர் கணினி ஆசிரியர் அல்லர். இரண்டு ஆண்டுகளாகக் காலியாக இருக்கும் இடத்தில், வேறு பாடம் எடுத்துக்கொண்டிருந்தவரை உட்கார வைத்திருக்கிறீர்கள். தெரியாத ஒன்றைக் கண்டு அவர் பயந்தது இயல்பு. அந்தப் பயத்தை விசாரிக்க வேண்டிய குழு, விசாரிக்காமல் அதையே தீர்ப்பாக்கியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மாணவியின் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் ஓட்டுகிறார். இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் உங்கள் அலுவலக வாசலில் மூன்று மணி நேரம் நின்றார். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, கையெழுத்துப் போட்டால் பெண்ணுக்கு நல்லது என்று மட்டும் சொன்னார்களாம். அன்று மாலை அதைப் பிரித்துக் காட்டி என்னிடம் கேட்டார்: “அண்ணா, மூடியைத் திறந்து பார்த்ததைத் தவறு என்கிறார்களா? பேரிங் தேய்ந்தால் நான் சத்தத்திலேயே கண்டுபிடித்துத் திறந்து பார்ப்பேன். பார்க்காமல் விட்டால்தான் முதலாளி திட்டுவார்.” நான் அந்தத் தாளை வாசித்துத் தமிழில் சொன்னேன். தன் மகள் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தண்டனைக்குரிய ஹேக்கிங் குற்றத்தைச் செய்தாள் என்று தாம் ஒப்புக்கொண்டிருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்தக் கையெழுத்தை அழிக்க முடியுமா என்று கேட்டார்.

சட்டத்தைச் சொல்கிறீர்கள் என்றால் அதையும் பார்ப்போம். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66ஆம் பிரிவுக்கு ஆரம்பத்தில் ஹேக்கிங் என்ற தலைப்பு இருந்தது உண்மை. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நாடாளுமன்றமே அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, கணினி தொடர்பான குற்றங்கள் என்று மாற்றியது. நேர்மையற்ற எண்ணமோ மோசடி எண்ணமோ இருந்தால்தான் அந்தப் பிரிவில் குற்றம். தமிழ் எழுத்துகள் தெரிய வேண்டும் என்ற எண்ணத்தில் எங்கே மோசடி இருக்கிறது? சட்டம் கைவிட்ட சொல்லை எடுத்து ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் மேல் ஒட்டியிருக்கிறீர்கள்.

அந்தச் சொல் எங்கே பிறந்தது என்பதை நீலகிரிக்காரர்கள் நாம் சுலபமாகப் புரிந்துகொள்வோம். அது ரயிலில் பிறந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் மாதிரி ரயில் ஓட்டும் மாணவர் கழகம் ஒன்று இருந்தது. மேசைக்கு மேலே ரயில் ஓடும். மேசைக்கு அடியில் தொலைபேசி நிலையத்தின் பழைய உதிரிகளைக் கொண்டு அதை இயக்கும் மின்சுற்றுகளை ஒரு கூட்டம் பின்னிக்கொண்டிருக்கும். சாமர்த்தியமாகச் செய்த ஒரு வேலையை அவர்கள் ‘ஹேக்’ என்றார்கள். பீட்டர் சாம்சன் என்ற மாணவர் 1959இல் தொகுத்த கழகத்தின் சொல்லகராதியிலேயே அந்தச் சொல் இருக்கிறது. பிறகு கணினி வந்தது. அதே பிள்ளைகள் அதையும் திறந்தார்கள். 1993 ஜனவரியில் இணையப் பொறியாளர்கள் வெளியிட்ட சொல்விளக்க ஆவணம், ஓர் அமைப்பின் உள்ளே நடப்பதை நெருக்கமாக அறிவதில் மகிழ்பவரே ஹேக்கர் என்கிறது. கெட்ட பொருளில் வழங்குவது பிழை, அதற்குரிய சொல் கிராக்கர் என்றும் அதே இடத்தில் சொல்கிறது.

கல்லாறிலிருந்து குன்னூருக்கு 12 அடி போனால் ஓர் அடி ஏறும் பாதையில் பற்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும் நம் ரயிலை, நூறு ஆண்டுகள் கடந்தும் ஓட வைத்திருப்பது யார்? குன்னூர் பணிமனையில் எஞ்சினைத் திறந்து பார்த்த கைகள். பழைய எஞ்சின்கள் தளர்ந்தபோது பொன்மலைப் பணிமனையில் புதிய நீராவி எஞ்சின்களையே செய்து அனுப்பினார்கள். திறந்து பார்க்காமல் அதைச் செய்திருக்க முடியுமா?

இனி அந்தச் சார்ட். ‘மூடியைத் திறந்தவர்கள்’ என்பது அவள் வைத்த தலைப்பு. கீழே சிறிதாக, கட்டற்ற மென்பொருளின், அதாவது யாரும் திறந்து பார்த்துத் திருத்திப் பகிரக்கூடிய மென்பொருளின், ஹேக்கர்கள் என்று எழுதியிருந்தாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கழற்றினீர்கள் என்று கேள்விப்பட்டேன். கழற்றிய இடத்தில் பெரும் நிறுவனங்களின் அதிபர்களுடைய படங்களை பிளெக்ஸில் அச்சிட்டு, சாதனையாளர்கள் என்று தொங்கவிட்டிருக்கிறீர்கள். அவர்கள் சாதிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நிறுவனங்களின் கணினிகளும், உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியும், நீங்கள் கழற்றிப் போட்டவர்கள் எழுதியதன் மேல்தான் ஓடுகின்றன. 1991இல் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், வெறும் பொழுதுபோக்குக்காக எழுதுகிறேன் என்று அறிவித்துத் தொடங்கிய லினக்ஸ்தான் அந்தக் கைப்பேசியின் அடியில் இருக்கிறது. 2017 நவம்பரிலிருந்து உலகின் 500 முதன்மை மீக்கணினிகள் அத்தனையும் அதில்தான் ஓடுகின்றன.

முதல் படம் ரிச்சர்ட் ஸ்டால்மனுடையது. அவருடைய கதை ஓர் அச்சுப்பொறியில் தொடங்குகிறது. எம்.ஐ.டி. ஆய்வகத்தின் பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால், காத்திருப்பவர்களின் திரைக்குச் செய்தி போகும்படி அதன் நிரலை அவர் திருத்தி வைத்திருந்தார். புதிய அச்சுப்பொறி வந்தது. அதிலும் தாள் சிக்கியது. ஆனால் அதன் மூலநிரல், அதாவது வாசித்துத் திருத்தக்கூடிய நிரல், தரப்படவில்லை. அதை வைத்திருந்த ஒருவரை நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறேன் என்று அவர் கைவிரித்துவிட்டார். பழுது கண்ணுக்குத் தெரிகிறது, சரிசெய்யவும் தெரியும், ஆனால் திறக்க அனுமதியில்லை. 1983 செப்டம்பர் 27 அன்று குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அவர் அறிவித்ததற்குப் பின்னால் அந்தக் கசப்பு இருந்தது. மென்பொருளை இயக்க, உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படித்துப் பார்க்க, பகிர, திருத்த என நான்கு உரிமைகளை அந்த இயக்கம் பயனருக்குக் கேட்கிறது. ஏழாம் எண் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண், தனக்குச் சட்டப்படி கொடுக்கப்பட்டிருந்த உரிமையைத்தான் பயன்படுத்தினாள். அந்த மென்பொருளின் உரிமத்தில் அது எழுதியே இருக்கிறது.

இவர்களைக் கும்பிடச் சொல்லவில்லை. ஸ்டால்மன் 2019இல் தன் கருத்துகளுக்காகக் கடும் கண்டனத்துக்கு ஆளாகிப் பதவிகளிலிருந்து விலகினார். டோர்வால்ட்ஸ் 2018இல், சக நிரலாளர்களிடம் கடுஞ்சொல் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டுச் சில காலம் ஒதுங்கி இருந்தார். இரண்டையும் அவள் சார்ட்டிலேயே எழுதியிருந்தாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகத் தேடி எழுதியது. உங்கள் பிளெக்ஸில் அப்படி ஒரு வரியும் நான் பார்க்கவில்லை.

ஐயன் மர்டாக்கும் இருந்தார். 1993இல், கல்லூரி மாணவராக இருந்தபோது, தான் தொடங்கிய லினக்ஸ் வகைக்குத் தன் தோழி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து டெபியன் என்று பெயரிட்டவர். ஆய்வகத்தில் கணினியைப் போட்டதும் வரும் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள். மின்னணுக் கருவிகளின் சுற்றுப்படங்களை ஒளிக்காமல் வெளியிடும் லிமோர் ஃப்ரீட் என்ற பெண் பொறியாளர் இருந்தார். நடுவில், எல்லோரையும்விடப் பெரிதாக, ஆண்ட்ரெஸ் பிராயண்ட். ஏன் இவர் மட்டும் பெரியவர் என்று நான் கேட்டபோது அவள், “இவர் அரை நொடியைக் கவனித்தவர்” என்றாள்.

இதை நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் பயப்படும் திருடனும் இந்தக் கதையில் வருகிறான். 2024 மார்ச்சில் பிராயண்ட் ஒரு தரவுத்தள மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வேலை வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை நொடி கூடுதலாக எடுப்பதைக் கண்டார். போகட்டும் என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை, உள்ளே போனார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளுக்குள் யாரோ ஒரு புறவாசலைப் புதைத்து வைத்திருந்தது வெளியே வந்தது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நல்லவராக உதவி செய்து, களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, அந்த இடத்துக்கு வந்திருந்தார். அது பரவியிருந்தால் உலகெங்கும் எண்ணற்ற சர்வர்களின் கதவு திறந்திருக்கும். தடுத்தது எந்தப் பூட்டும் அல்ல. ஏன் தாமதம் என்று கேட்ட ஒரு மனிதரும், அவர் உள்ளே போய்ப் பார்க்கும்படி திறந்திருந்த நிரலும்தான். கெடுக்க வந்தவருக்கும் காக்க வந்தவருக்கும் தெரிந்திருந்தது ஒரே வித்தை. அந்த வித்தையை நம் பிள்ளைகள் கற்கவிடாமல் தடுத்தால், கெடுக்க வருபவர்களிடம் மட்டும் அது இருக்கும்.

குழுவில் ஒருவர், ஹேக்கர்கள் என்றால் வங்கிப் பணத்தைத் திருடுபவர்கள்தானே என்று கேட்டாராம். பணம் இழந்தவர்கள் என் கடைக்கும் வந்து அழுதிருக்கிறார்கள். தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தை ஒரே மாலையில் இழந்த ஒரு பாட்டியை என்னால் மறக்க முடியாது. அவரை ஏமாற்றியவன் எந்தக் கணினியையும் திறக்கவில்லை. தொலைபேசியில் “அம்மா” என்று அழைத்துப் பேசி ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு வாங்கினான். அந்தப் பாட்டியின் பேத்தியைக் கணினிக்கு அருகில் போகாதே என்று தடுத்தால் அடுத்த முறை அந்த வீட்டைக் காக்க யார் இருப்பார்கள்?

கடைசி வரிசையில் இரண்டு படங்கள். ஒருவர் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி. இணையத்தில் தமிழை ஒழுங்காகப் பார்க்க முடியாத காலத்தில் தேனீ எழுத்துருவை உருவாக்கி, யாரும் பயன்படுத்தலாம் என்று கொடுத்துவிட்டு 2006இல் மறைந்தார். அன்று அவர் தீர்க்கப் பார்த்த அதே கட்டங்களைத்தான் இந்தப் பெண்ணும் சரிசெய்தாள். இன்னொருவர் நம் மலைக்காரர். கென்னத் கொன்சால்வஸ். ஊட்டியில் வாழ்ந்தபடியே, இந்தியாவில் பைதான் என்ற நிரல் மொழிக்கு ஒரு சமூகத்தை வளர்த்த முன்னோடிகளில் ஒருவர். அவர் இறந்த 2012ஆம் ஆண்டிலிருந்து இந்தியப் பைதான் அமைப்பு அவர் பெயரில் விருது கொடுத்துவருகிறது. பெங்களூருக்கோ சென்னைக்கோ போகாமல் பனிமூட்டத்துக்குள் இருந்துகொண்டே நாடு மதிக்கும் வேலையைச் செய்ய முடியும் என்பதற்கு நம் பிள்ளைகளுக்குக் காட்ட அவரைவிட வேறு யார் இருக்கிறார்? அவர் வாழ்ந்த மாவட்டத்திலேயே, ஒரு பள்ளியின் சுவரிலிருந்து அவருடைய படத்தை இறக்கியிருக்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் இருப்பதும் அதே பைதான்தான். பதினோராம் வகுப்பு நூலில் லினக்ஸ் இருக்கிறது. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பாஸ் என்ற லினக்ஸ் வகையையும் போட்டுக் கொடுத்தார்கள். கேரள எல்லையில் பாட்டவயலைத் தாண்டினால் வயநாட்டுப் பள்ளிகளில் ஆண்டுக்கணக்காகக் கட்டற்ற மென்பொருளில்தான் பாடம் நடக்கிறது. நாம் மட்டும் எதற்காக இருப்பதை அழித்துவிட்டு, பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காமல் திண்டாடும் வீடுகளிடம் 1,200 ரூபாய் கேட்க வேண்டும்?

பத்து நாள் தடை முடிந்த பிறகும் அவள் ஆய்வகத்துக்குப் போவதில்லை. அந்த வகுப்பு நேரத்தில் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறாள். சனிக்கிழமைகளில் என் கடைக்கு வந்து ஏதாவது ஒரு பழைய கணினியைப் பிரித்துக் கேள்வி கேட்பாள். மூன்று வாரமாக வரவில்லை. எனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது அதனால்தான்.

நான் கேட்பவை இவை.

அப்பாவிடம் வாங்கிய தாளின் அசலை அவரிடமே திருப்பிக் கொடுங்கள். அலுவலகப் பிரதியை ரத்து செய்யுங்கள். அவள் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்று குழுவின் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள். அவளுடைய நன்னடத்தைச் சான்றிதழிலோ வேறு பதிவிலோ இதைப் பற்றி ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. ஆய்வகத்துக்கு வா என்று தலைமையாசிரியை அவளை நேரில் அழைக்க வேண்டும்.

சார்ட் கிழிந்திருக்கவில்லை என்றால் அதே தலைப்போடு அதே சுவரில் மாட்டுங்கள். கிழிந்திருந்தால் அதைச் சொல்லுங்கள், புதிய தாளும் வண்ணமும் நான் வாங்கிக் கொடுக்கிறேன். பிளெக்ஸ் பக்கத்தில் இருக்கட்டும்.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தைக் கூட்டி, செலவையும் காரணத்தையும் முன்வைத்துப் பேசி முடிவெடுக்கும்வரை அந்தக் கணினிகளைத் துடைக்காதீர்கள், பணமும் வசூலிக்காதீர்கள். வேறு மென்பொருளும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பது உங்கள் எண்ணமானால் அதில் நியாயம் உண்டு. ஆறு கணினிகளை மாற்றுங்கள், ஆறு லினக்ஸில் இருக்கட்டும்.

ஆய்வகச் சுவரில் தமிழில் ஒரு விதிப்பலகை வையுங்கள். பிறர் கணக்கில் நுழைவது, பிறர் கோப்பைத் தொடுவது, கடவுச்சொல்லைத் திருடுவது கூடாது. தன் கோப்புறையில் எழுதுவது, கறுப்புத் திரையைத் திறப்பது, கையேட்டைப் படிப்பது, தெரியாததைக் கேட்பது எல்லாம் கூடும். இந்த இரண்டுக்கும் நடுவில் சந்தேகம் வந்தால், பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் விஷயம் தெரிந்த ஒருவரைக் கேட்க வேண்டும் என்பதும் அந்தப் பலகையில் இருக்க வேண்டும்.

காலியாக இருக்கும் கணினி ஆசிரியர் இடத்தை நிரப்புங்கள். அதுவரை சனிக்கிழமை மதியங்களில் கடையை மூடிவிட்டு நான் வருகிறேன். இப்போது பொறுப்பில் இருக்கும் ஆசிரியைக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிறேன். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகெங்கும் மென்பொருள் விடுதலை நாள் கொண்டாடுகிறார்கள். அன்று பள்ளி மைதானத்தில் ஒரு கணினியைப் பெற்றோர் முன்னிலையில் பிரித்துக் காட்ட அனுமதி கொடுங்கள். பிரிக்கப்போவது அந்த ஏழாம் எண் கணினியாகவே இருக்கட்டும்.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை என்று அறிந்தேன். அதற்கு முன்பாக இந்த மடலுக்குப் பதில் வேண்டும். எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. அந்த ரோலர் ஓட்டுபவருக்கு அனுப்புங்கள், யார் உதவியும் இல்லாமல் அவரே வாசிக்கும்படி தமிழில் எழுதி.

இப்படிக்கு,
உங்கள் ஆய்வகத்தின் கணினிகளைப் பழுதுபார்ப்பவன்
கோத்தகிரி